போதும் என்று சொல்லும்வரை

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுதான் பாட்டுப் பீரியடு. அந்த நேரத்தில் ஊருக்குப் போகிற பையன்களின் மனசெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். ஆலங்குடிப் பக்கம் போகிறவர்கள் மஞ்சள் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேதான் ச ரி க ம சொல்வார்கள். பரீட்சை நெருங்கிவிட்டால் கணக்கு வாத்தியார் வகுப்பு வாசலில் வந்து நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். "இன்னைக்கி மட்டும் எனக்குக் குடுத்துருங்க சார், போர்ஷன் முடியலை" என்பார். இன்றைக்கு மட்டும் என்று வருஷத்தில் எத்தனையோ வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார். நான் சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். பையன்களுக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் வருத்தம் இல்லை.

புதுக்கோட்டையில் அந்த உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை நான். நாகஸ்வரத்தை எங்கள் வீட்டில் நாயனம் என்றுதான் சொல்வோம். அப்பா அரண்மனைச் சேவகத்தில் வாசித்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபிறகு அந்தச் சேவகம் நின்றுபோயிற்று. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று யாரும் வந்து சொல்லவில்லை. வரச்சொல்லி ஆள் வரவில்லை, அவ்வளவுதான். அப்பா கொஞ்ச காலம் குளித்து விபூதி பூசிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு படுத்தார். பிறகு போய்விட்டார்.

அவர் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. பங்காளிகள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். வந்தால்தானே அழுவதற்கு. கல்யாணம், கருமாதி எதற்குக் கூப்பிட்டாலும் அதன்பிறகு நான் வாசிக்கப் போகவில்லை. நாயனத்தை உறையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டு, வாய்ப்பாட்டில் கவர்மெண்டு பரீட்சை எழுதினேன். தேறியதும் வேலை கிடைத்தது. கீழ ராஜ வீதியில் ஒரு தையல்காரரிடம் முழுக்கைச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வகையில் மேலே சட்டை போட்டுக்கொண்டு யாரும் நாயனம் வாசித்ததில்லை. வெற்று மார்பு, நெற்றியில் சந்தனம், தோளில் ஒரு துண்டு. பெரிய மனிதர்கள் எதிரே வந்தால் தோளில் இருக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். யாரும் இறக்கச் சொல்ல மாட்டார்கள். அது தானாகவே இறங்கும். இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்கிறவர் வாயிலிருந்து போதும் என்ற சொல் வரும்வரை வாசிக்கிறவன் நிறுத்தக்கூடாது. பசித்தாலும் சரி, உதடு வெடித்தாலும் சரி. அப்பா ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனதால் விடிகிறவரைக்கும் வாசித்தார் என்று எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய வீடுகளில் அப்பா உட்கார்ந்ததெல்லாம் ஜமுக்காளத்தில்தான். நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் எப்படி இருந்தது என்று தவில் வாசிக்கிற என் சித்தப்பா மகன் கேட்டான். முதுகு வலித்தது என்றேன். அவன் நம்பவில்லை. ஆனால் பையன்கள் என்னைச் சார் என்று கூப்பிட்டார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

இப்படியே சில வருஷம் ஓடியது. சரளி வரிசை, இறைவணக்கம், சுதந்திர தினத்துக்கு ஒரு கோஷ்டிப் பாட்டு. யார் பாடினாலும் பாடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அப்படி இருக்கும்போதுதான் நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், கீரமங்கலத்துப் பையன் ஒருத்தன் வந்து சேர்ந்தான். ஒல்லியான பையன். விவசாயக் குடும்பம். திருக்கோகர்ணத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். முதல் நாள் வகுப்போடு சேர்ந்து பாடும்போதே சுருதிப்பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஐம்பது பையன்கள் கத்துகிற கத்தலுக்கு மேலே ஒரு குரல் தனியாக, சிரமமே இல்லாமல் நின்றது.

அவனை மட்டும் எழுப்பிப் பாடச் சொன்னேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பையன்கள் கழுத்து நரம்பு புடைக்கும், புருவம் ஏறும். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மோடு பேசிக்கொண்டே ஒருவர் மாடிப்படி ஏறுவாரே, அப்படி ஏறிப் போனான். அரண்மனைக்கு வந்துபோன பெரிய பெரிய பாடகர்களை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவர்கள் வித்தை வேறு. இந்தக் குரலை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது, யாரும் கற்றுக்கொள்ளவும் முடியாது. அதுவாக வந்திருக்கிறது.

"வீட்ல யாராவது பாடுவாங்களாடா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்கய்யா மாடு கட்டிக் கெணத்துல கமலை எறைக்கிறப்ப பாடுவாரு. அது பாட்டு இல்ல சார், சத்தம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நீ பாடுறதை ஒங்கய்யா கேட்டிருக்காரா?"

"வீட்ல பாடுனா சும்மா கெடடாம்பாரு சார். பள்ளிக்கூடத்துல மேடையில ஏத்திப் பாடச் சொன்னாங்கன்னா சொல்லு, வந்து கேக்குறேன்னு சொல்லியிருக்காரு."

அவன் சேர்ந்ததிலிருந்து நான் கணக்கு வாத்தியாருக்குப் பீரியடு கொடுக்கவில்லை. அவர் ஆச்சரியப்பட்டார், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தப் பையனையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் சாயந்திரம் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தமிழய்யா மழையைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார், நான் மெட்டுப் போட்டேன். அந்தப் பாட்டுக்கு முன்னால் நாலு வரி விருத்தம். விருத்தம் என்றால் தாளம் கிடையாது, கூட யாரும் பாடுவதும் கிடையாது. ஒரு குரல் மட்டும் நின்று நிதானமாகப் பாட வேண்டும். அதை அவனுக்கென்றே வைத்தேன்.

மாசி மாதம் என்று நினைவு. ஒரு நாள் சாயந்திரம் விருத்தத்தின் மூன்றாவது வரியில், உச்சிக்குப் போகிற இடத்தில், அவன் குரல் ஒரு கணம் இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்ந்துகொண்டது. மற்ற பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "சளி சார்" என்றான்.

சளி இல்லை. மகரக்கட்டு. ஆண்பிள்ளைக்குக் குரல் உடைகிற பருவத்தை அப்படித்தான் சொல்வார்கள். நாடகக் கம்பெனியில் பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அது வந்தால் இந்தக் குரல் போய்விடும். பிறகு ஆம்பிளைக் குரல் ஒன்று வரும். நல்லதாகவும் வரலாம், தகரத்தைத் தட்டுகிற மாதிரியும் வரலாம். எப்படி வந்தாலும் அது வேறு குரல். சிலருக்கு நாலு மாசம் இழுக்கும். சிலருக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

பள்ளிக்கூட ஆண்டு விழா அந்த மாசக் கடைசியில் வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அதற்கு முன்னால் நானாகப் போய் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"நிகழ்ச்சியெல்லாம் நெறஞ்சு போச்சே சார்" என்றார் அவர். "டிராமா ஒண்ணு இருக்கு. டிரில் மாஸ்டர் பையன்களை ஒருத்தன் மேல ஒருத்தனா ஏத்திப் பிரமிடு போடுறாரு. பரிசு குடுக்கணும். பாட்டு அடுத்த வருஷம் வச்சிக்கிருவமே."

"அடுத்த வருஷம் அந்தப் பையன் குரல் இருக்காதுங்க சார்."

"கொரல் எங்க சார் போகப்போகுது? பள்ளிக்கூடத்துலதானே இருப்பான்?"

நான் விளக்கிச் சொன்னேன். அவன் தகப்பனார் கேட்டதே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார்.

"சார், நீங்க நாயனக்காரர் வீட்டுப் பிள்ளைதானே? சீஃப் கெஸ்டா வாரவரு பழைய சமஸ்தானத்துல பெரிய உத்தியோகம் பாத்தவரு. வாசல்ல நாயனம் வச்சுக் கூட்டியாந்தா மனசு குளுந்துருவாரு. வெளிய ஆள் பிடிக்கிறதை விட, நம்ம ஸ்டாஃபே வாசிச்சாருன்னா பள்ளிக்கூடத்துக்குத்தானே பெருமை? நீங்க வாசிங்க. வரவேற்பு முடிஞ்ச கையோட அரை மணி நேரம் ஒங்க பையன்களுக்கு. மொத அயிட்டம். போதுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சுருக்கென்று ஏதாவது தைத்தது என்றால் அது அன்றைக்குத்தான். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மூன்றாவது வரி நினைவுக்கு வந்தது.

"சட்டை போட்டுக்கிட்டுத்தான் சார் வாசிப்பேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "கோட்டே போட்டுக்கிட்டு வாசிங்க சார், யாரு வேணாங்கறா?"

பையனிடம் சொன்னேன். அன்று சாயந்திரமே அவன் ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டான். பரணிலிருந்து நாயனத்தை இறக்கினேன். முன்பெல்லாம் இரண்டொரு நாள் சாதகம் செய்தாலே உதடு பழகிவிடும், இப்போது ஒரு வாரம் எரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தவிலுக்குச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். சட்டை விஷயத்தைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, மூச்சு சட்டைக்குள்ளயே நின்னுரும்ணே. பாத்து வாசிங்க" என்றான்.

"போடா" என்றேன்.

விழா அன்றைக்குப் பையன்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வழிய வந்து நின்றார்கள். அந்த வாரத்தில் அவன் குரல் இன்னும் இரண்டு முறை பிளந்திருந்தது. வெந்நீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். மத்தியானம் ஒரு முறை பாடச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எண்ணெய் போட்ட கதவு மாதிரித் திறந்தது.

"எங்கய்யா வந்துட்டாரு சார்" என்று மைதானத்தின் பின்பக்கத்தைக் காட்டினான். தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் பெஞ்சில் உட்காராமல் மணலில் குந்தியிருந்தார். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். நேரம் ஆகிவிட்டது.

டிராயிங் வகுப்பில்தான் வாத்தியங்களை வைத்திருந்தோம். நான் உள்ளே போய் நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்தேன். சித்தப்பா மகன் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தான். சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர் சந்தனம் குழைத்தார். எப்போது கழற்றினேன் என்று எனக்குத் தெரியாது. நெற்றியில் சந்தனத்தை வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறேன், மேலே சட்டை இல்லை. பின்னால் நாற்காலி முதுகில் மடித்துப் போட்டிருக்கிறது. யாரும் கழற்றச் சொல்லவில்லை. நானும் நினைத்துக் கழற்றவில்லை. சீவாளி வாய்க்குப் போனதும் கை தன் பாட்டுக்குப் பொத்தானுக்குப் போயிருக்கிறது.

மறுபடி போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளத்தான் கையை நீட்டினேன். அதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது, டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். "வாங்க வாங்க" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வாசல் ஓரத்தில் என் பையன்கள் வரிசையாக நின்றார்கள். கீரமங்கலத்துப் பையன் என்னைப் பார்த்து "சார்..." என்று ஆரம்பித்தான், நிறுத்திவிட்டான். அவன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

காரிலிருந்து இறங்கியவர் வெள்ளை மீசைக்காரர். நல்ல உயரம். அவர் காலைக் கீழே வைத்ததும் என் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அப்பாவின் துண்டு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். என்னுடையது இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் பின்னோக்கி நடந்தபடியே வாசித்துக்கொண்டு மேடைவரை கூட்டிவந்தேன். அவர் மேடையேறி நாற்காலியில் உட்கார்ந்தார். வாசிப்பை முடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். தலைமையாசிரியர் மைக்கின் பக்கம் நகர்ந்தார். பையன்கள் மேடையின் பக்கவாட்டுப் படியில் ஏறி நின்றுவிட்டார்கள்.

"ஏம்ப்பா, நீ யாரு மகன்?" என்று மேலேயிருந்து கேட்டார் வந்தவர்.

அப்பா பேரைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "அவன் மகனா நீ? அடேயப்பா. அவன் காம்போதி வாசிச்சான்னா சோறு தண்ணி வேணாமே. ஒக்காரு, ஒக்காரு. காம்போதி வாசி, கேப்போம்."

யாரோ மேடைக்குக் கீழே ஒரு ஜமுக்காளத்தை விரித்தார்கள். உட்கார்ந்தேன். தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சட்டை போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். எழுந்து நின்று, "ஐயா, நான் இந்தப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாருங்க, எங்க பையன்கள் பாடக் காத்திருக்காங்க, முதல்ல அதைக் கேளுங்க" என்று சொல்லியிருப்பேன். சொல்வதற்கு அவ்வளவு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் ஜமுக்காளத்தில் வெற்று மார்போடு உட்கார்ந்திருந்த ஆளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போதும் என்று சொல்லும்வரை வாசிப்பது.

வாசித்தேன். சுருக்கமாக முடித்துவிடலாம் என்று இரண்டு தடவை கீழ் ஸ்தாயிக்கு இறங்கி வந்தேன். இரண்டு தடவையும் அவர் விரலை உயர்த்தி, "இன்னும், இன்னும்" என்றார். காம்போதி முடிந்ததும் ஒரு கீர்த்தனை கேட்டார். கீர்த்தனை முடிந்ததும் தவிலைத் தனியாக வாசிக்கச் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். சித்தப்பா மகன் ஆனந்தமாக வெளுத்துக் கட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு இப்படி ஒரு ரசிகர் எப்போது கிடைப்பார்?

நன்றாக வாசித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா இருந்தபோதுகூட என் கையில் அவ்வளவு வந்ததில்லை. கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. துக்கமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. விரல் தன் பாட்டுக்கு ஓடியது, நான் படியில் நின்ற வெள்ளைச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் கடைசிவரை நின்றான்.

"போதும்ப்பா" என்றபோது விளக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் குனிந்து கொடுத்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து ஏந்தி வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் பேசினார். அப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கல்வியைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு பரிசு. அவர் ராத்திரிக்குள் கீரனூர் தாண்டித் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. டிராமாவில் பாதியை வெட்டினார்கள். டிரில் மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை, பையன்களை மேடையில் ஏற்றிப் பிரமிடைக் கட்டிவிட்டார். கட்டிய பிரமிடை என்ன செய்ய முடியும்?

தலைமையாசிரியர் என்னிடம் ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "பிரமாதம் சார், பிரமாதம். பையன்களைத் தேசிய கீதம் பாடச் சொல்லிருங்க. அடுத்த வருஷம் மொத அயிட்டமே ஒங்களுதுதான், நான் வாக்குக் குடுக்குறேன்."

அவர்கள் தேசிய கீதம் பாடினார்கள். பள்ளிக்கூடம் முழுக்கச் சேர்ந்து பாடியது, பாடியபடியே செருப்பைத் தேடியது. மைதானத்தின் பின்பக்கம் பார்த்தேன். மணலில் குந்தியிருந்த ஆள் அங்கே இல்லை. கீரமங்கலம் கடைசி பஸ்ஸுக்குப் போயிருப்பார்.

நான் டிராயிங் வகுப்புக்குப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பையன் என் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை.

"நாயனம் நல்லா இருந்துச்சு சார்" என்றான்.

எனக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. "வீட்டுக்குப் போடா, அத்தை தேடும்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. வந்தது, ஆனால் அது அவனுடையது இல்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் காற்று. வகுப்பு சிரித்தது. நான் சிரித்தவர்களை எழுப்பி நிற்கவைத்தேன். ஏன் நிற்கவைக்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கணக்கு வாத்தியார் வந்து வாசலில் நின்றார், பீரியடைக் கொடுத்துவிட்டேன்.

தலைமையாசிரியர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வருஷ விழாவில் பாட்டுத்தான் முதல் அயிட்டம். நாயனத்துக்கும் என்னைத்தான் கேட்டார். முடியாது சார் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது எனக்கே வியப்பாக இருந்தது. வாசலில் மைக்செட்காரர் ரெக்கார்டு போட்டார். நான் சட்டையும் அங்கவஸ்திரமுமாக மேடையில் பையன்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விருத்தத்தை வேறொரு பையன் பாடினான். சுருதி சேர்ந்திருந்தது, பிழை இல்லை. கீரமங்கலத்துப் பையன் ஓரத்தில் உட்கார்ந்து சுருதிப்பெட்டியை அமுக்கினான். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிட்டான். மீசை அரும்பியிருந்தது.

முடிந்து கீழே இறங்கினேன். அவன் தகப்பனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். "இவருதான்யா எங்க பாட்டுச் சாரு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உள்ளே வைக்கப் போனான். அந்த மனிதர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"நல்லா பாடுனாகங்க பிள்ளைக. மொத வரிசையிலயே ஒக்காந்து கேட்டேன். இதுல எம்மயன் கொரலு எதுங்க?"

"இந்த வருஷம் அவன் பாடலைங்க. தொண்டை ஒடஞ்சிருக்கு. பெட்டிதான் போட்டான். போன வருஷம் நல்லா பாடிக்கிட்டு இருந்தாங்க."

அவர் யோசித்தார். "போன வருசம் நான் வந்திருந்தேனுங்களே. இவன் பாடலியே. நாயனமுல்ல வாசிச்சாக? ஆனா அந்த ஆளு என்னமா வாசிச்சாருங்க! கேட்டுக்கிட்டே ஒக்காந்துட்டேன், பஸ்ஸுக்கு நேரமானதே தெரியல. ஓட்டமா ஓடிப் பிடிச்சேன். அவரு இந்த வருசம் வரலீங்களா?"

"வரலைங்க" என்றேன். அது நான்தான் என்று சொல்லவில்லை. சட்டை போட்ட என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இவன் தொண்டை சரியாயிரும்லங்க? அடுத்த வருசம் வாரேன்."

"சரியாயிரும்ங்க. பாடுவான். ஆனா அந்தக் குரல் வராதுங்க. இது வேற குரல்."

அவர் போகாமல் நின்றார். கோபமாக நிற்கவில்லை. ஏதோ ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நிற்கிற மாதிரி நின்றார்.

"அப்ப அது எப்படிங்க இருக்கும், அவன் கொரலு?"

பாடிக் காட்டலாம் என்றால் என் குரல் கட்டைக் குரல், அங்கே போகாது. நாயனத்திலும் அது வராது. சுருதி, ஸ்தாயி, கமகம் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

"நல்லா இருக்கும்ங்க" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.